பாதிக் கதையில் தீர்ப்பு



வருகிற மே மாதம் எனக்கு இடமாற்றம் என்பதை அறிவீர்கள். குருமனையில் சாமான்கள் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. சென்ற சனிக்கிழமை பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டி ஒன்றைத் திறந்தேன். பழைய பிரசங்கக் குறிப்புகளுக்கு அடியில் என் மகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடந்தது. அட்டையில் ‘கணிதம்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே ‘ஸ்நேப்’ என்று எழுதியிருந்தாள். உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். இடப்பக்கம் ‘நல்லவர்’ என்றும் வலப்பக்கம் ‘கெட்டவர்’ என்றும் தலைப்பு. அதை எழுதத் தொடங்கிய 2005-ஆம் ஆண்டில் அவளுக்கு வயது பதின்மூன்று.

உங்களில் இளையோர் இதற்குள் புன்னகைத்திருப்பீர்கள். மூத்தோருக்குச் சற்று விளக்கம் தேவை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே.கே. ரௌலிங் என்னும் அம்மையார், ஹாரி பாட்டர் என்ற அநாதைச் சிறுவனைப் பற்றிய மாயாஜாலக் கதையை ஏழு புத்தகங்களாக எழுதினார். முதல் புத்தகம் 1997-இல் வந்தது. ஆறாவது 2005 ஜூலை 16 அன்று வெளியானது. அதன் இறுதியில், மந்திரப் பள்ளியின் ஆசிரியராகிய செவரஸ் ஸ்நேப் என்பவர், தம்மை முழுவதும் நம்பிய தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கோபுரத்தின் உச்சியில் கொன்றுவிடுகிறார். ஹாரி அதைக் கண்ணாலேயே காண்கிறான். கதை ஏறக்குறைய அங்கே நின்றுபோயிற்று. அடுத்த புத்தகம் வந்தது 2007 ஜூலை 21 அன்று. இடையில் இரண்டு ஆண்டுகளும் ஐந்து நாள்களும். அந்த இடைவெளியில் உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள்: ஸ்நேப் நல்லவரா, கெட்டவரா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்நாளில் நான் இந்தக் கதையை வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. மந்திரமும் சூனியமும் நிறைந்த புத்தகம் ஓர் ஆயரின் வீட்டுக்கு ஆகாது என்று தீர்மானித்திருந்தேன். என் துணைவியார் ஒருநாள் அமைதியாகக் கேட்டார்: “நீங்க அதை வாசிச்சிருக்கீங்களா?” நான் வாசிக்கவில்லை. இறையியல் கல்லூரியில் ஒரு நூலைக் கண்டிக்குமுன் அதை முழுவதும் வாசிக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள், கற்றதை மறந்திருந்தேன். அந்தக் கோடை முழுவதும் மகள் தோழியிடமிருந்து இரவல் வாங்கி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பயந்த புத்தகம் அது அல்ல என்று கண்டேன். பின்னர் வந்த ஏழாவது புத்தகத்தில், பனி மூடிய கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கல்லறைகளின்மேல் வேதவசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று மத்தேயு 6:21, மற்றது 1 கொரிந்தியர் 15:26. விரும்புவோர் எடுத்துப் பார்க்கலாம்.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

ஒரு கதை பாதியில் நிற்கும்போது வாசகர்கள் சும்மா இருப்பதில்லை. வந்த பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள். என் மகளும் அவளுடைய தோழிகளும் மாலைதோறும் குருமனைத் திண்ணையில் அமர்ந்து அதைத்தான் செய்தார்கள். ‘கெட்டவர்’ பத்தியில் அவள் எழுதியவற்றுள் சில: ஹாரியின் பெற்றோருக்கு ஆபத்தாய் முடிந்த தீர்க்கதரிசனத்தை ஒட்டுக்கேட்டுப் பகைவனிடம் சொன்னவர் ஸ்நேப். டிராகோ என்ற மாணவன் தனக்கு இடப்பட்ட வேலையைச் செய்யத் தவறினால் தாமே அதைச் செய்து முடிப்பதாக, மீற முடியாத சத்தியம் ஒன்றை அவனுடைய தாய்க்குச் செய்துகொடுத்தவர். வகுப்பில் பயந்த பிள்ளைகளை மேலும் பயமுறுத்துகிறவர். கடைசியில் கொலையே செய்தவர்.

‘நல்லவர்’ பத்தியும் குறைந்ததாயில்லை. முதல் புத்தகத்தில் ஹாரி துடைப்பத்திலிருந்து விழப்போனபோது, உதடுகளை அசைத்துக்கொண்டிருந்த ஸ்நேப்தான் அவனைத் தள்ளப் பார்க்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவர் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தப்பியோடும்போதுகூட ஹாரியைக் கொல்லவில்லை; மற்றவர்கள் அவனைத் துன்புறுத்தியதையும் தடுத்தார். கொலைக்குச் சில காலம் முன்பு, அவரும் டம்பிள்டோரும் ஏதோ ஒன்றைப் பற்றி வாக்குவாதம் செய்ததைக் காவலாள் கேட்டிருக்கிறார். ‘அதை’ இனிச் செய்யத் தமக்கு மனமில்லை என்கிற பொருளில் ஸ்நேப் பேசினாராம். அந்த ‘அது’ என்ன? என் மகள் அதன் கீழே மூன்று கோடுகள் இழுத்திருந்தாள்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, சாகுமுன் டம்பிள்டோர் ஸ்நேபின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு சொல்லால் கெஞ்சினாரே, அது எதற்காக என்பது. உயிர்ப்பிச்சை கேட்டாரா, அல்லது முன்னமே பேசி வைத்ததை நிறைவேற்றச் சொல்லி வேண்டினாரா? ஒரே சொல், இரண்டு வாசிப்புகள். இரண்டு வாசிப்புக்கும் எழுத்தில் இடம் இருந்தது.

பிள்ளை விளையாட்டு என்று எண்ணாதீர்கள். இந்த வாசகர்களின் உழைப்பைக் கண்டு நான் வெட்கப்பட்ட நாள்கள் உண்டு. ஆறாவது புத்தகத்தில் ஒரு கடிதம் வரும். அதன் அடியில் ஆர்.ஏ.பி. என்று மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கும். எழுதியவர் யார் என்று சொல்லப்படவில்லை. வாசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிற மொழிகளில் வந்த மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கதையில் பிளாக் என்று ஒரு குடும்பம் உண்டு. கருப்பு என்று பொருள். டச்சு மொழிபெயர்ப்பில் அந்தக் குடும்பப்பெயர் ஸ்வார்ட்ஸ் என்று மாறியிருந்தது. ஃபின்னிஷ் மொழியில் முஸ்தா என்று மாறியிருந்தது. கடிதத்தின் கடைசி எழுத்தும் அதற்கேற்ப டச்சில் ‘இசட்’ என்றும், ஃபின்னிஷில் ‘எம்’ என்றும் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே எழுதியவர் பிளாக் குடும்பத்தைச் சேர்ந்த ரெகுலஸ் என்று முடிவு கட்டினார்கள். அது சரியாகவே இருந்தது. மூலமொழியையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இந்தப் பொறுமையை நாங்கள் இறையியல் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகக் கற்றோம். இவர்கள் அன்பினாலே செய்தார்கள்.

தவறிப்போன ஊகங்களும் எண்ணற்றவை. ஹாரியின் நண்பன் ரான்தான் காலத்தில் பின்னோக்கிச் சென்று டம்பிள்டோர் ஆனான் என்று சிலர் நீளமாக நிறுவினார்கள். ஆசிரியரே அதை மறுத்தார். டம்பிள்டோர் சாகவேயில்லை என்று நம்பியவர்கள் அதற்கென்றே ஆதாரங்களைத் திரட்டினார்கள். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் ரேடியோ சிட்டி மண்டபத்தில் ரௌலிங் வாசகர்களைச் சந்தித்தார். அந்தக் கூட்டத்தில் எழுந்து ஸ்நேபைக் குறித்துக் கேட்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் சல்மான் ருஷ்டி. மகனையும் அழைத்து வந்திருந்தார். ஸ்நேப் நல்லவராகத்தான் இருக்கவேண்டும், ஆகவே டம்பிள்டோர் உண்மையில் இறக்கவில்லை என்பது அவருடைய ஊகம். டம்பிள்டோர் இறந்தது உறுதி என்று ரௌலிங் அன்று வெளிப்படையாகச் சொன்னார். உலகறிந்த நாவலாசிரியரும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் ஒரே கேள்வியின் முன் ஒரே அளவு அறியாதவர்களாக நின்றதை நினைத்து என் மகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்தக் கூட்டத்தின் செய்தியை நான்தான் அவளுக்கு வாசித்துக் காண்பித்தேன். அவள் உடனே நோட்டை எடுத்து, தான் முன்பு எழுதியிருந்த ஒரு வரியை அடித்தாள். முகம் கோணாமல் அடித்தாள். இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, அந்த ஒரு கோடு என்னை வெகுநேரம் தரையிலேயே உட்காரவைத்துவிட்டது. ஏனெனில் அதே மாதங்களில், அதே வீட்டின் முன்னறையில், நானும் ஓர் ஊகம் வைத்திருந்தேன். அதை நான் அடிக்கவில்லை.

இனி நான் எழுதப்போவதை, அதற்குரிய சகோதரியின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். அப்போது நான் ஊழியம் செய்த சேகரம் வேறு. நீங்கள் யாரையும் தேட வேண்டாம்.

அந்தச் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருந்த ஓர் இளம்பெண்ணுக்குத் திருமணம் செய்துவைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு பெட்டியோடு அவள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கதை பாதியில் நின்றது. சபையார் நாம் சும்மா இருப்போமா? அதிகம் படித்த பெண், மாமியாருக்கு அடங்கவில்லை என்றார்கள். நகையில் குறை என்றார்கள். கலியாணத்துக்கு முன்பே மனதில் வேறொருவன் என்று ஒருவர் சொல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வேறொருவனுக்கு ஊரும் வேலையும் உண்டாயிருந்தன. நான் இந்தப் பேச்சுகளில் கலந்துகொள்ளவில்லை. அதனால் நான் குற்றமற்றவன் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் எனக்குள்ளும் ஒரு முடிவு இருந்தது: செல்லமாக வளர்ந்த பிள்ளை, சற்று வாய்த்துடுக்கு, பொறுத்துப் போகத் தெரியவில்லை. ஆதாரம் என்ன? ஒருமுறை கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையில் பாடகர் குழுத் தலைவரோடு அவள் வாதாடியதை நான் பார்த்திருந்தேன். அவ்வளவே.

2006 நவம்பரில் ஒரு மாலை வீடு சந்திப்புக்குச் சென்றேன். தகப்பனார் என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். அவள் காப்பி கொண்டுவந்தாள். இடது கையால் நீட்டினாள். நம் வழக்கத்தில் பெரியவர்களுக்கு இடது கையால் யாரும் கொடுப்பதில்லை. வலது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்து, மனதுக்குள் என் ஊகத்துக்கு இன்னொரு சான்றாக எழுதிக்கொண்டேன்: மரியாதை இல்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதற்கு முந்தின மாதம்தான், 2006 அக்டோபர் 26 அன்று, நாட்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. நாளிதழில் அதை வாசித்திருந்தேன். வாலிபர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசவேண்டும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்த அந்த வீட்டுக்கும் அந்தச் செய்திக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற நினைவு எனக்கு வரவேயில்லை. என் கதையில் அதற்கு இடம் இருக்கவில்லை. பொறுமையைக் குறித்துப் பேசினேன். மன்னிப்பைக் குறித்துப் பேசினேன். தேவன் இணைத்ததைக் குறித்துப் பேசினேன். ஜெபித்து முடித்து, மாப்பிள்ளை வீட்டாரோடு நானே பேசுவதாகச் சொன்னேன், பேசவும் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு அவள் திரும்பிப் போனாள். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த ஆறுதலோடு அந்த ஆண்டின் கடைசி இரவு ஆராதனையை நடத்தினேன்.

பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் அவளுடைய தாயார் குருமனைக் கதவைத் தட்டினார். மகளை அவர்கள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்குமேல் விவரிக்க மாட்டேன். அவள் பிழைத்தாள், அந்த வீட்டுக்கு மறுபடியும் போகவில்லை. எல்லாவற்றையும் அவள் சொன்னது என்னிடம் அல்ல, என் துணைவியாரிடம். நவம்பரில் நான் போயிருந்த மாலையில், அவளுடைய வலது மணிக்கட்டுக்கு ஒரு தம்ளரைத் தாங்கும் வலு இருக்கவில்லை. தங்கைக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அது கலைந்துவிடும் என்று அஞ்சி, பெற்றோரிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கோபப்படவில்லை. “ஐயா, அன்னைக்கு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. சொல்லிட்டுப் போயிட்டீங்க” என்றாள். பத்தொன்பது ஆண்டுகளாக நான் வாசித்த எந்த இறையியல் நூலும் அந்த வாக்கியத்தைவிட என்னைத் திருத்தவில்லை.

அந்த ஜூலையில் ஏழாவது புத்தகம் வந்தது. இலண்டனில் நள்ளிரவு கடந்தபோது இங்கே விடியவிருந்தது. என் மகள் இரண்டே நாளில் வாசித்து முடித்து, சிவந்த கண்களோடு வந்து நின்றாள். முடிவை இனிமேல் வாசிக்க விரும்புவோர் இந்த ஒரு பத்தியைத் தாண்டிச் செல்லுங்கள். ஆறாவது புத்தகத்தின் தொடக்கத்திலிருந்தே டம்பிள்டோரின் வலது கை கருகி வாடியிருக்கும். சாபமிட்ட ஒரு மோதிரத்தால் வந்த காயம். அந்தக் கையை எல்லா வாசகரும் பார்த்திருந்தார்கள். ஏதோ பழைய காயம் என்று பலர் கடந்துபோனார்கள். உண்மையில் அவர் அப்போதே சாகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். சிறுவன் டிராகோ கொலைகாரன் ஆகிவிடாதபடி, வேளை வரும்போது தம் உயிரைத் தாங்களே எடுக்கவேண்டும் என்று ஸ்நேபிடம் கேட்டுக்கொண்டவர் அவரே. கோபுரத்தின்மேல் அவர் கெஞ்சியது அதற்காகத்தான். ஸ்நேப் ஹாரியின் தாயாகிய லில்லியை இளமை முதல் நேசித்தவர். அவள் இறந்தபின், அவளுடைய மகனைக் காப்பதற்காகப் பகைவனின் அருகிலேயே இரட்டை வாழ்வு வாழ்ந்தவர். ஆனாலும் வகுப்பறையில் அவர் பிள்ளைகளிடம் காட்டிய கொடுமை பொய்யல்ல. ஒட்டுக்கேட்டுச் சொன்னதும் பொய்யல்ல.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் மகள் ஒரே வரி எழுதியிருக்கிறாள்: “ரெண்டு பக்கமும் சரிதான்.”

அன்பானவர்களே, ஊகிப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. முடியாத கதையின் முன் மனிதமனம் ஊகித்தே தீரும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் என்பவர் எழுதிவரும் பெருங்கதையின் ஐந்தாவது புத்தகம் 2011-இல் வந்தது. ஆறாவது புத்தகத்துக்காக நம் வாலிபர் சிலரும் இன்னும் காத்திருக்கிறார்கள், யார் யாருடைய பிள்ளை, யார் அரியணை ஏறுவார் என்று விவாதிக்கிறார்கள். அதில் தீங்கில்லை. கதையிலுள்ள மனிதர்கள் நம் ஊகத்தால் காயப்படுவதில்லை. ஸ்நேபைக் கோடிப் பேர் துரோகி என்றார்கள். ஸ்நேபுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் உயிருள்ள அயலான் நம் ஊகத்தை நம் முகத்திலிருந்து வாசித்துவிடுகிறான். நாம் அவனைப் பற்றி முடிவு செய்துவிட்டோம் என்று கண்டபின், அவன் தன் கதையின் மறுபாதியை நமக்குச் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகள் நம்மைவிட நல்ல வாசகர்கள். தங்கள் ஊகத்துக்கு எதிரான சான்றுக்கும் பக்கத்திலேயே ஒரு பத்தி வைத்திருந்தார்கள். பழைய பக்கங்களுக்குத் திரும்பிச் சென்று, முதல் தடவை கவனிக்காததைத் தேடினார்கள். புதிய செய்தி வந்தவுடன் பழைய வரியை அடித்தார்கள். நான் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. என் நோட்டில் ஒரே பத்திதான் இருந்தது.

திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே இப்படி ஒரு ஊகம் பரவியதை யோவான் தம் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் பதிவு செய்கிறார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் பேதுருவோடு பேசிக்கொண்டிருக்கிறார். பேதுரு எவ்விதமாய் மரிப்பான் என்பதைக் குறிப்பாகச் சொல்லியாயிற்று. பேதுரு திரும்பிப் பார்க்கிறான். அன்பாயிருந்த சீஷன் பின்னால் வருகிறான். தன் முடிவைக் கேட்ட மனிதனுக்கு உடனே அடுத்தவனின் முடிவு என்ன என்று அறிய ஆவல். ஆண்டவர், தாம் வருமளவும் அவன் இருக்கத் தமக்குச் சித்தமானால் அதனால் உனக்கு என்ன என்கிற பொருளில் பதிலளித்து, நீ என் பின்னே வா என்று திருப்பிவிடுகிறார். சகோதரர் நடுவே என்ன பேச்சுப் பரவிற்று? அந்தச் சீஷன் மரிப்பதில்லை என்று! யோவான் அமைதியாகத் திருத்துகிறார்: ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை, ‘சித்தமானால்’ என்றுதான் சொன்னார். ஒரு ‘ஆனால்’ விடுபட்டுப்போனது. அது விடுபட்டவுடன், கேள்வியாக இருந்தது செய்தியாக மாறிவிட்டது. அன்று பரவியது ஒருவரைப் புகழும் வதந்திதான், தீமையானதுகூட அல்ல. ஆனாலும் சுவிசேஷகர் அதைத் திருத்தாமல் விடவில்லை. ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லப்படாததைச் சொல்லக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

அப்படியானால் எதையும் தீர்மானிக்காமல் கைகட்டி நிற்பதா? இல்லை. நான் அந்த மாலையில் காத்திருந்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை, கேட்டிருக்கவேண்டும் என்கிறேன். ஊகம் வேறு, கேள்வி வேறு. ஊகிக்கிறவன் ஏற்கெனவே பதிலோடு வருகிறான். கேட்கிறவன் வெறுங்கையோடு வருகிறான். அதன்பின் இந்த ஊழியத்தில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறேன். மணமான பெண் யாராவது தாய்வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள் என்றால், நான் தனியே போவதில்லை. என் துணைவியாரோடு போகிறேன். முதல் கேள்வி, “உனக்கு அங்கே பாதுகாப்பு இருந்ததாம்மா?” என்பது. பெற்றோர் இல்லாத அறையில், என் துணைவியார் கேட்பார். பதில் வரும்வரை பொறுமையைக் குறித்தோ மன்னிப்பைக் குறித்தோ ஒரு வார்த்தையும் நாங்கள் பேசுவதில்லை. பாதுகாப்பு இல்லை என்று அறிந்தால், அங்கே திரும்பிப் போகச் சொல்வது ஆலோசனை ஆகாது. இங்கே எனக்குப் பின் வரும் ஆயரிடமும் இதைச் சொல்லிவிட்டே போவேன்.

திரைப்படங்களில் ஸ்நேபாக நடித்தவர் ஆலன் ரிக்மன், 2016-இல் மறைந்த ஆங்கில நடிகர். கடைசிப் புத்தகம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஸ்நேபின் மனதிலிருந்த அன்பைப் பற்றிய குறிப்பு ஒன்றை ரௌலிங் அவருக்கு மட்டும் சொல்லியிருந்தார். அவர் அதைக் கடைசிவரை வெளியிடவில்லை. உலகம் முழுவதும் அந்தப் பாத்திரத்தைப் பழித்தபோது, உள்ளிருப்பதை அறிந்த ஒருவர் அறிந்தவராகவே நடித்துக்கொண்டிருந்தார். நமக்கு அயலானைப் பற்றி அப்படி ஒரு குறிப்பும் யாரும் தந்ததில்லை. ஆனால் அவனுக்கு உள்ளே நாம் வாசிக்காத பக்கங்கள் உண்டு என்பதும், அவற்றை அறிந்த ஒருவர் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். அதை அறிந்தவர்களாக நாம் அவனோடு பேசலாம்.

நோட்டு கிடைத்ததை மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இப்போது அவளுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. “அப்பா, பழைய பேப்பர்ல போட்டுறாதீங்க” என்றாள். போடமாட்டேன். என் மேசைமேல் இருக்கும் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதிய ஊருக்கும் அது என்னோடு வரும்.

இந்த வாரம் உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நீங்கள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆலயத்தில் உங்களுக்கு முன்வரிசையில் அமர்பவராக இருக்கலாம். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். உங்கள் மனதில் இருப்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் எழுத ஒன்றும் இல்லை என்று கண்டால், அவரைப் போய்ப் பாருங்கள். எதையும் சொல்லப் போகாதீர்கள். கேட்கப் போங்கள்.

நம் கதைகளைத் தொடங்கினவரும் முடிக்கிறவருமாகிய ஆண்டவர் தாமே உங்கள் யாவரையும் காப்பாராக. ஆமென்.

உங்கள் ஆயர்